ரப்பர் படாத இடம்

அத்தியாயம் ஐந்து

"அந்தத் துணியைக் கீழே போடுங்க!"

சர்வேயர் குரலை உயர்த்தி வாயாடி இதுவரை கேட்டதே இல்லை. வண்டி சுக்குநூறாகக் கிடந்தாலும் பக்கத்தில் நின்று "ம்" என்று மட்டும் சொல்கிற மனுஷன் அவர். இன்றைக்கு ஷெட்டுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகப் போட்ட சத்தத்தில், சிவப்புக் காரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவரின் கையிலிருந்து பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணி நழுவி விழுந்தது.

"யாரு சார் நீங்க? என் ஷெட்டுக்குள்ள வந்து என்னையே அதட்டுறீங்க?" என்று நிமிர்ந்தார் ரேஸ்காரர். நெடுநெடுவென்ற ஆள். முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"உங்க வீட்டம்மா அனுப்பினவங்க," என்றாள் வாயாடி. "சாருக்குத் துடைக்கிறவங்களைக் கண்டா ஆகாது. அதுவும் ஆதாரத்தைத் துடைக்கிறவங்களைக் கண்டா கொஞ்சம் கூடுதலாவே ஆகாது."

சர்வேயர் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வண்டிகள் பொய் சொல்வதில்லை, வண்டிக்காரர்கள்தான் சொல்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்துவிட்டார். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வாயாடி அவருடைய உதவியாளர். அதற்கு முன் டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்தினாள். ஒரு பெரிய மனிதரிடம், "சார், நீங்க ஓட்டினா ரோட்டுக்கு நல்லதில்ல, பஸ்ஸுல போங்க" என்று சொன்னதோடு அந்த உத்தியோகம் முடிந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கிறது?

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோடவுன்களுக்குப் பின்னால் ஓடும் நேர் ரோட்டில், ஒரு சிவப்புக் கார் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து, சைக்கிளில் போன கூரியர்காரரை உரசித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. ஆள் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் சிவப்பு நிறமும், உள்ளே ஹெல்மெட் மாட்டிய ஒரு தலையும்தான். அந்தச் சிவப்பில் சுற்று வட்டாரத்தில் ஒரே ஒரு கார்தான் உண்டு. அது இந்த ஷெட்டில் நிற்கும் டிராக் ரேஸ் கார்.

அன்றைக்கு ரேஸ்காரர் ஊரில் இல்லை. எங்கேயோ ஒரு இன்ஜினை விலை பேசப் போயிருந்ததாகச் சொல்கிறார். ஷெட்டுச் சாவி அவருடைய மச்சானிடம் இருந்தது. மனைவியின் தம்பி. டயர் வேலை எல்லாம் அவன்தான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'டயர்'. போலீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவனோ ஓட்டினேன் என்றும் சொல்லவில்லை, ஓட்டவில்லை என்றும் சொல்லவில்லை. நாளைக் காலையில் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

அவனுடைய அக்காதான் இன்று காலையில் சர்வேயரைத் தேடி வந்தாள். தனியாக ஒரு பெயிண்ட் பட்டறை நடத்துகிறவள். இந்தக் காருக்கு அந்தச் சிவப்பைக் கொடுத்ததே அவள் கைதான். "ஓட்டினது என் தம்பி இல்ல சார். எப்படியாவது அவனை வெளிய கொண்டு வந்துடுங்க" என்று அழுதாள். வாயாடிக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப் போயிற்று. இப்போது புருஷனைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வந்துவிட்டது. ஆள் முழிக்கிற முழியே சரியில்லை.

"எதைத் துடைக்கப் போனீங்க?" என்றார் சர்வேயர்.

"இதைத்தான் சார்! கண்ணு தெரியலையா?"

பின்சக்கரத்துக்குப் பின்னால், பளபளவென்ற சிவப்பின் மேல், கடுகைத் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். வாயாடி விரலால் ஒன்றைச் சுரண்டிப் பார்த்தாள். பிசினாக ஒட்டியிருந்தது.

"டயர் ரப்பர்," என்றார் ரேஸ்காரர். பேச்சு தொழிலுக்குள் வந்ததும் கோபம் இறங்கிவிட்டது. "இது ரோட்டுல ஓட்டுற டயர் இல்லம்மா. டிராக் டயர். தொட்டுப் பாருங்க, மெத்துமெத்துன்னு இருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி நின்ன இடத்துலயே சுத்தவிட்டுச் சூடேத்துவோம். அப்பத்தான் தரையைக் கவ்வும். சூடானா ரப்பர் உருகித் தெறிக்கும். தெறிச்சா நேரா இங்கதான் வந்து அடிக்கும். உடனே எடுத்துட்டா பரவாயில்ல. ரெண்டு வெயில் பட்டுச்சுன்னா பெயிண்டைக் கடிச்சுப் பிடிச்சுக்கும். அப்புறம் தேய்ச்சா ரப்பரோட பெயிண்டும் வரும்."

"அதுக்காக போலீஸ் பார்க்கிற வண்டியைத் துடைப்பீங்களா?"

"போட்டோ எடுத்துட்டாங்களே! இந்தப் பெயிண்ட் என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு மழைக்காலம் முழுக்க என் சம்சாரம் தேய்ச்சுத் தேய்ச்சு அடிச்சது. போன ரேஸுக்கு அப்புறம் அவளே பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வெச்சிருந்தா. அந்தப் பய என்ன பண்ணி வெச்சிருக்கான் பாருங்க!"

கூரியர்காரரின் காலைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வாயாடி பல்லைக் கடித்தாள். "பாவம், பெயிண்டுக்கு ரொம்ப வலிச்சிருக்கும்," என்றாள்.

ரேஸ்காரர் முறைத்தார். சர்வேயர் அதற்குள் தரையில் முழங்காலிட்டு, டார்ச்சை அடித்து, புள்ளிகளுக்கு நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாயாடியும் குனிந்தாள். புள்ளிகள் எல்லா இடத்திலும் இல்லை. சக்கரத்தை ஒட்டி, விரித்த உள்ளங்கையைப் போல நாலைந்து மடங்கு அகலத்துக்கு, பேனல் சுத்தமாக இருந்தது. ரப்பர் அதிகமாக அடிக்க வேண்டிய இடமே அதுதான்.

"இங்க மட்டும் ஏன் படலை?" என்றாள்.

"டேப்பு ஒட்டியிருந்தா படாது," என்றார் ரேஸ்காரர். "வாக்ஸ் தடவுறவங்க இருக்காங்க. கண்ணாடி மாதிரி ஃபிலிம் ஒட்டுறவங்க இருக்காங்க. நாங்க மாஸ்கிங் டேப்புதான். ரேஸ் முடிஞ்சதும் உரிச்சுப் போட்டுட்டா ரப்பர் அதோட வந்துடும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "அந்தக் கழுதை டேப்பு ஒட்டிட்டுத்தான் ஓட்டியிருக்கானா?"

"உரிச்ச டேப்பு எங்கே?" என்றாள் வாயாடி.

"இங்க எதுவும் கிடக்கலை. நானும் தேடினேன்."

"டேப்பைத் தூக்கிப் போட்டுடலாம்," என்றார் சர்வேயர், எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே. "டேப்பு இருந்த இடத்தை எங்கே கொண்டு போய்ப் போடுறது? சார், ஒரு உதவி. சுவர்ல ஒரு பழைய மட்கார்டு தொங்குதே, அதுல ஒட்டிக் காட்டுங்க. ரேஸுக்கு எப்படி ஒட்டுவீங்களோ, அப்படியே."

ரேஸ்காரர் முணுமுணுத்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு ரோலை எடுத்தார். வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல ஒட்டினார். ஒவ்வொரு ஓரத்தையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, மறுபடி அழுத்தி, திரும்பவும் ஒருமுறை தேய்த்தார்.

"ஓரத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

"ஓரம்தான் சார் எல்லாம். துளி தூக்கிட்டு இருந்தாலும் போதும், வேகத்துல காத்து உள்ள பூந்து மொத்தத்தையும் பிடுங்கிடும். அப்புறம் ஒட்டினதும் ஒண்ணு, ஒட்டாததும் ஒண்ணு."

"ம்," என்றார் சர்வேயர். ரோலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வண்டியைத் தொடாதீங்க. உங்க மச்சான் தலை இதுலதான் தொங்குது."

வெளியே வந்ததும் வாயாடி பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தாள். "கேஸ் முடிஞ்சுது சார். ஊர்ல இல்லைன்னு சொல்றதுக்குச் சாட்சி கிடையாது. வந்ததும் வராததுமா தின்னரைத் தூக்கிக்கிட்டு நிக்கிறார். பெயிண்ட் மேல இருக்கிற பாசம் மனுஷன் மேல இல்ல. டேப்பு ஒட்டாம கக்கூஸுக்குக்கூட வண்டியை எடுத்துட்டுப் போக மாட்டார். அவர்தான்!"

"அவர் இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"அந்தச் சுத்தமான இடத்தோட ஓரத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன். ரப்பர் இருந்துச்சு, அப்புறம் இல்ல."

"அந்த 'அப்புறம்' எப்படி வந்துச்சு?"

வாயாடி யோசித்தாள். டேப்பை நகத்தால் தேய்த்து ஒட்டியிருந்தால், ரப்பர் அதன் விளிம்பு வரைக்கும் வந்து, கத்தியால் கீறினாற்போல நின்றிருக்க வேண்டும். இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் சிவப்பு. காரில் அப்படி ஒரு கோடே இல்லை. புள்ளிகள் நெருக்கமாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்திருந்தன.

"டேப்போட ஓரம் தூக்கிட்டு இருந்திருக்கு," என்றாள் மெதுவாக. "புள்ளி அதுக்கு அடியில பூந்திருக்கு."

"சுத்திலும் ஒரே மாதிரி தூக்கிட்டு இருந்திருக்கு. மேல் மூலையில சுத்தமான இடத்துக்கு உள்ளேயே ரப்பர் இருக்கு. அங்க டேப்பு ஓட்டத்துலயே பிய்ஞ்சு போச்சு. வண்டியைக் காப்பாத்தணும்னு ஒட்டியிருக்காங்க. ஆனா காத்தைப் பத்தி யோசிக்கலை."

"ரேஸ் தெரியாத ஆளு! அப்போ வெளியாள் சார். டயர் தப்பிச்சான்!"

சர்வேயர் பதில் சொல்லாமல் கார்க் கதவைத் திறந்தார். அவர் பதில் சொல்லாவிட்டால் நல்லதில்லை என்பது வாயாடிக்குத் தெரியும். ஆனாலும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அந்த அக்காவிடம் போய், 'உங்க தம்பி வந்துடுவான்' என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி மாறும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் சலித்துப்போயிருந்தார். "வாங்க சர்வேயர். நீங்களாவது அவனைப் பேச வைங்க. வாயில பூட்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். அடிக்காத குறையாக் கேட்டாச்சு."

"அந்தக் குறை அப்படியே இருக்கட்டும் சார்," என்றாள் வாயாடி.

டயர் பெஞ்சில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம், கறுத்த நகங்கள். அக்காவின் அதே மூக்கு. சர்வேயர் எதிரே உட்கார்ந்து, பையிலிருந்து டேப்பு ரோலை எடுத்து மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இந்த மேஜை வண்டின்னு வெச்சுக்கோ. ரேஸுக்கு எப்படி ஒட்டுவே, காட்டு பார்ப்போம்."

அவன் விநோதமாகப் பார்த்தான். பிறகு கை தானாக ரோலை எடுத்தது. கிழித்தான், ஒட்டினான், கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைத் தேய்த்தான். மாமாவிடம் கற்ற வேலை, மாமாவைப் போலவே.

"நீ ஓரத்தைத் தூக்கலா விட மாட்டியோ?"

"விட்டா காத்து பிடுங்கிடும் சார்."

"சரி. ஓரத்தை மடிச்சு, வேணும்னே தூக்கலா விட்டு ஒட்டுற ஆளு யாரையாச்சும் உனக்குத் தெரியுமா?"

நகம் பாதி ஓரத்தில் நின்றுவிட்டது. அவன் டேப்பையே பார்த்தான். அப்புறம் சர்வேயரைப் பார்த்தான்.

"நான்தான் சார் ஓட்டினேன்."

"என்னது?" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான்தான் ஓட்டினேன். நான்தான் அந்த ஆளை இடிச்சேன். எழுதிக்கோங்க சார், இப்பவே கையெழுத்துப் போடுறேன். இவங்களைப் போகச் சொல்லுங்க. எங்கக்காகிட்ட இனிமே இந்தக் கேஸுக்கு வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க."

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் வாயாடி ஆரம்பித்துவிட்டாள்.

"இத்தனை நேரம் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தவன், டேப்பைப் பார்த்ததும் ஒத்துக்கிறான். டிரைவிங் ஸ்கூல்ல இதுக்குப் பேரு சடன் பிரேக் சார்."

"சடன் பிரேக் போட்டா என்ன அர்த்தம்?"

"முன்னாடி யாரோ குறுக்கே வந்துட்டாங்கன்னு அர்த்தம்." சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "யாரையோ காப்பாத்துறான்! மாமாவை! நான் அப்பவே சொன்னேன். நம்ம முன்னாடி அந்த ஆளு ஒட்டிக் காட்டினது நடிப்பு சார்."

"மனுஷன் நடிக்கலாம். நகம் நடிக்காது. அவர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தியா? ஒரு பக்கம் தேய்ஞ்சே போயிருக்கு."

"அப்போ யாரு சார்?"

"பட்டறைக்குப் போவோம். அந்த அம்மாகிட்ட அவன் ஒத்துக்கிட்டான்னு சொல்லணும் இல்லையா? நீயே சொல்லிடு."

இந்த மாதிரி வேலையை எப்போதும் என் தலையில் கட்டிவிடுகிறார் என்று வாயாடிக்கு எரிச்சல்.

பெயிண்ட் பட்டறையில் கம்ப்ரஸர் ஓய்ந்திருந்தது. ஒரு நீலக் காரின் கதவில் பட்டி பூசித் தேய்த்த இடம் சாம்பல் நிறத் தீவாகத் தெரிந்தது. பெயிண்டர் அக்கா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுற்றிலும் மாஸ்கிங் டேப்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். தம்பி லாக்கப்பில் இருக்கும்போது எப்படி வேலை ஓடுகிறது என்று தோன்றலாம். வேலை ஓடாவிட்டால் அவளுக்குப் பைத்தியமே பிடித்திருக்கும். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"வாங்க தங்கச்சி. பார்த்தீங்களா அவனை? சாப்பிட்டானா?"

சர்வேயர் வாசலிலேயே நின்றுகொண்டார். வாயாடி மட்டும் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எதையாவது பேசிவிட்டு, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

"சாப்பிட்டான்க்கா. இதென்னக்கா, டேப்பை இப்படி மடிக்கிறீங்க? பாதி ஒட்டுது, பாதி அந்தரத்துல நிக்குது. உங்க வீட்டுக்காரர் பார்த்தா திட்டப் போறார்."

"அவருக்கு என்ன தெரியும்," என்று லேசாகச் சிரித்தாள் அக்கா. கை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தை மடித்து, தூக்கலாக விட்டு, அடுத்த துண்டைக் கிழித்தது. "அழுத்தி ஒட்டினா அந்த இடத்துல பெயிண்ட் கோடு விழுந்துடும் தங்கச்சி. அப்புறம் என்ன தேய்ச்சாலும் ஒட்டு வேலைன்னு காட்டிக் கொடுத்துடும். இப்படித் தூக்கலா விட்டா பெயிண்ட் அடியில போய்க் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு…"

அவள் முடிக்கவில்லை. வாயாடியின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

வாயாடிக்குப் புரிந்துவிட்டது. ஏதாவது சொல்லி இதைச் சிரிப்பாக்கிவிட முடியுமா என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இந்த அக்காவாக இருக்கக் கூடாது என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

"கோடு விழாம," என்றார் வாசலில் நின்ற சர்வேயர். "எங்க முடிஞ்சதுன்னே தெரியாம. நல்ல வேலைக்காரக் கை. ரப்பருக்கும் அதையே பண்ணிடுச்சு."

அக்கா டேப்பு ரோலைக் கீழே வைத்தாள். அது உருண்டு போய்க் காரின் டயரில் முட்டிச் சாய்ந்தது.

"உங்களுக்கு எப்போ தெரியும் சார்?"

"காலையில சந்தேகப்பட்டேன். தம்பியை நம்புற அக்கா, 'என் தம்பி ஓட்டியிருக்க மாட்டான்'னு சொல்வாங்க. நீங்க 'ஓட்டினது என் தம்பி இல்ல'ன்னீங்க. அது நம்பிக்கை இல்லம்மா. தகவல்."

வாயாடிக்குக் கோபம் வந்தது. சர்வேயர் மேலா, அக்கா மேலா என்று அவளுக்கே புரியவில்லை. "அப்புறம் ஏன்க்கா எங்களைக் கூப்பிட்டீங்க?"

"நீங்க வந்து பார்த்துட்டு, யாரோ திருடன் எடுத்துட்டுப் போயிருக்கான்னு சொல்லிடுவீங்க, அவனை விட்டுடுவாங்கன்னு நினைச்சேன். புத்தி எங்கே வேலை செஞ்சுது?" அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அந்த வண்டியில என் கை படாத இடம் கிடையாது தங்கச்சி. ஆனா ஒரு நாள் அதை ஓட்ட விட்டதில்ல. கேட்டா, 'உனக்கு எதுக்கு, நீ பெயிண்டைப் பாரு'ம்பார். இத்தனை வருஷமா அவர் ஜெயிச்சு வர்றப்ப எல்லாம் நான் ரப்பரைத் துடைச்சிட்டு இருந்தேன். தம்பிக்குத்தான் மனசு கேட்கலை. மாமா ஊர்ல இல்ல, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருக்கான்னு சாவியைக் கொடுத்தான். அவன் சக்கரத்துக்குக் காத்து சரிபார்த்துட்டுக் கடைக்குப் போயிருந்தான். டேப்பை நானே ஒட்டினேன்."

"உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி," என்றார் சர்வேயர்.

"காத்தடிக்காத ரூமுக்குள்ளயே வேலை செஞ்ச கை சார் இது. அதுக்கு என்ன தெரியும்? ரோட்டுல கிளம்பினேன். நேரா, யாருமே இல்லாத ரோடு. திடீர்னு பின்னாடி படபடன்னு சத்தம். கண்ணாடியில பார்த்தா டேப்பு பிய்ஞ்சு வால் மாதிரி ஆடுது. ஐயோ, ரப்பர் நேரா பெயிண்ட் மேல அடிக்குமேன்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். ரோட்டைப் பார்க்கலை சார். பெயிண்டைப் பார்த்தேன்." அவள் குரல் உடைந்தது. "சைக்கிள் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

"நிறுத்தலையா?"

"தூரமாப் போய் நிறுத்தினேன். கோடவுன்லேருந்து ஆளுங்க ஓடி வந்து அவரைத் தூக்கினாங்க. அவங்க வந்துட்டாங்களேன்னு… நான் வந்துட்டேன். இறங்கியிருக்கணும். இறங்கலை. தம்பிகிட்ட சொன்னதும் அவன், 'உனக்கு ரெண்டு குழந்தைங்க, நான் ஒத்தை ஆளு, நீ வாயைத் திறந்தா அப்புறம் நான் உனக்குத் தம்பியே இல்ல'ன்னான்."

வாயாடி மெதுவாகச் சொன்னாள். "அவன் ஒத்துக்கிட்டான்க்கா. கொஞ்ச நேரம் முன்னாடி. டேப்பை மடிக்கிறது யாருன்னு சார் கேட்டதும், நான்தான் ஓட்டினேன், எழுதிக்கோங்கன்னுட்டான்."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். நீலக் காரின் கதவைப் பார்த்து, பாதி ஒட்டியிருந்த டேப்பை எல்லாம் ஒவ்வொன்றாக உரித்துப் போட்டாள். பட்டறை ஷட்டரைத் தானே இழுத்து மூடினாள்.

"போலாம் சார்," என்றாள்.

காரில் போகும்போது புருஷனுக்குப் போன் செய்தாள். "ஓட்டினது அவன் இல்லங்க. நான்" என்றாள். அப்புறம் ரேஸ்காரரின் குரல் பின்சீட்டு வரைக்கும் கேட்டது. "டேப்பை மடிச்சா ஒட்டினே?"

வாயாடிக்குப் போனைப் பிடுங்கி வெளியே வீசலாம் போல இருந்தது. ஆனால் அந்தக் குரல் நடுங்கியது. "ஸ்டேஷன்லயே இரு. வக்கீலைக் கூட்டிக்கிட்டு வர்றேன். நான் வர்ற வரைக்கும் பயப்படாதே," என்றது. மனுஷர்களைச் சந்தேகப்படுவதை விட, சந்தேகம் தப்பாகிப் போகும்போது அவர்களைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று வாயாடி நினைத்துக்கொண்டாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. ஒரே வண்டியை ஒரே நாளில் எத்தனை பேர்தான் ஓட்டுவீர்கள் என்று கடுகடுத்தார். சர்வேயர் டேப்பைப் பற்றி விளக்கிச் சொல்லி முடித்ததும் பேனாவை எடுத்தார். அக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தியதையும் சொன்னாள், இறங்காததையும் சொன்னாள். அந்த ஆளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கேட்க இத்தனை நாள் தைரியம் வரவில்லை என்றாள். "எலும்பு சேர்ந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலிலும் முன்பிருந்த முறுக்கு இல்லை.

டயரை வெளியே அழைத்து வந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப் போயிற்று.

"எதுக்குக்கா வந்தே? உன்னை யாரு வரச்சொன்னா? நான்தான் சொன்னேன்ல!" என்று கத்தினான். "சார், அது பொய் சொல்லுது, அதுக்குக் கிளட்ச் எதுன்னுகூடத் தெரியாது!"

"போதும்டா," என்றாள் அக்கா.

"என்ன போதும்? எல்லாத்தையும் கெடுத்துட்டியே!"

"திட்டு. எவ்வளவு வேணும்னாலும் திட்டு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் திட்டு."

"சாவியைக் கொடுத்ததுக்கு உன்கிட்டத் தனியா பேசணும், வெளிய உட்காரு," என்றார் இன்ஸ்பெக்டர் அவனிடம். அவன் நகரவில்லை. பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து கையெழுத்துக்குத் தாளை நீட்டினார். அக்கா பெயிண்ட் படிந்த விரலால் பேனாவை வாங்கினாள்.

அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை டயர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குனிந்தபடியே கேட்டான்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"என்னது?"

"ஓட்டும்போது."

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் காது கேட்கத்தான் செய்தது.

"நல்லா இருந்துச்சுடா," என்றாள் அக்கா. "அந்தச் சைக்கிள் சத்தம் கேட்கிற வரைக்கும், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நல்லா எதுவும் இருந்ததில்லடா." சொல்லிவிட்டுத் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்து, ஸ்டேஷன் என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள்.